வணங்காதவன் வாயிலில் நிற்கட்டும்!

22 சொற்கள். ஆங்கிலத்தில் எண்ணிப் பார்த்தால் அவ்வளவுதான். ஒரே மூச்சில் ஓதி முடித்துவிடலாம். 1951ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலத்தின் கல்விக் குழுவினர் — ரீஜண்டுகள் என்று அவர்களுக்குப் பெயர் — கூடிப் பேசி, ஆக்கி அளித்த அரசாங்க வேண்டுதல் அது. பள்ளிப் பிள்ளைகள் காலைதோறும் ஓதுவதற்கென்றே அமைக்கப்பட்டது. ஓதுவதற்கு ஆகும் நேரம் ஒரு நொடிப்பொழுது. அதனால் மூண்ட வழக்கோ, 60 ஆண்டுகள் கடந்தும் அமெரிக்க நாட்டில் ஓயவில்லை.

திறனாய்வு என்றால் காப்பியத்தையும் கவிதையையும் எடுத்து வைத்துக்கொண்டு அணியழகு பேசுவது என்று எண்ணுவோர் உண்டு. அரசாங்கம் எழுதும் வாசகமும் ஓர் ஏடுதான். நீதிபதி எழுதும் தீர்ப்பும் ஓர் ஏடுதான். அங்கே பேசுவது யார், பேச இடமின்றி ஒதுங்கி நிற்பது யார் என்று கேட்டுப் பார்த்தால், காப்பியத்தில் கிடைப்பதைவிடக் கூடுதலாகவே சில உண்மைகள் கிடைக்கும். ஆகவே அந்த 22 சொல் வாசகத்தையும், அதைத் தொட்டு எழுந்த 1962ஆம் ஆண்டுத் தீர்ப்பையும், அதன் வழிவந்த வழக்குகளையும், 60 ஆண்டுகளுக்குப்பின் 2022இல் வந்த தீர்ப்பையும் இங்கே பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க விழைகிறோம்.

முதலில் வாசகம். அதில் அடங்கியிருப்பது இதுதான்: எல்லாம் வல்ல கடவுளைச் சார்ந்தே வாழ்கிறோம் என்று பிள்ளைகள் ஒப்புக்கொள்கிறார்கள், தங்களுக்கும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் நாட்டுக்கும் அருள் வேண்டுகிறார்கள். முடிந்தது. ஏசுவின் பெயர் இல்லை. மோசேயின் பெயர் இல்லை. எந்த மறையின் சாயலும் இல்லை. எவரும் மனம் நோகலாகாது என்று எல்லாவற்றையும் வடிகட்டி எடுத்தபின் எஞ்சிய நீர்! ஆசிரியர்க்கும் அருள் வேண்டப்பட்டிருக்கிறது என்பதில், ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு மகிழ்ச்சி இல்லாமல் இல்லை. ஊதிய உயர்வு கேட்டால் கருவூலம் காலி என்பார்கள்; அருள் வழங்குவதற்குக் கருவூலம் தேவையில்லை அல்லவா?

தேவாரத்தையும் திருவாசகத்தையும் நாம் ஏற்கவில்லை. ஆயினும் அவற்றைப் பாடியவர்கள் உருகிப் பாடினார்கள் என்பதை மறுக்கும் மனம் நமக்கில்லை. அவர்கள் கடவுளுக்கு ஊர் இருந்தது, பெயர் இருந்தது, ஊடலும் கூடலும் இருந்தன. நியூயார்க் குழு ஆக்கிய கடவுளுக்கு ஊருமில்லை, உருவுமில்லை, ஊடுவதற்கு ஆளுமில்லை. அலுவலகச் சுற்றறிக்கையை யார் கண்ணீர் மல்கப் படிப்பார்? இறைப்பற்று உடையவர்தாம் முதலில் இதைக் கண்டு சினந்திருக்க வேண்டும். சிலர் சினந்தார்கள் என்பதையும் பின்னே காண்போம்.

இந்த வாசகம் பிறந்த காலத்தையும் கருத வேண்டும். சோவியத்து நாட்டுடன் பனிப்போர் முற்றியிருந்த நேரம். அவர்கள் கடவுளை மறுப்பவர்கள். ஆகவே நாம் கடவுளை ஏற்பவர்கள் என்று காட்டிக்கொள்வதே நாட்டுப்பற்று என்ற நினைப்பு அமெரிக்காவில் படர்ந்திருந்தது. 1954இல் கொடி வணக்க உறுதிமொழியில் கடவுளின் பெயரை நுழைத்தார்கள். 1956இல் கடவுளை நம்புகிறோம் என்பதையே நாட்டின் முழக்கமாக்கினார்கள். பக்தி பெருகியதால் வந்த மாற்றங்கள் அல்ல இவை. பகைவனுக்கு எதிராகக் கடவுளையும் படையில் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவே. அந்தப் படைக்கு ஆள் சேர்க்கப் பள்ளிக்கூடமும் தேவைப்பட்டது.

1958இல் லாங் ஐலண்டுப் பகுதியில் ஹெரிக்ஸ் பள்ளி மாவட்டக் குழு, அந்த வாசகத்தை ஒவ்வொரு வகுப்பிலும் நாள்தோறும் ஓத ஆணையிட்டது. கட்டாயம் இல்லை என்றார்கள். விரும்பாத பிள்ளை வாய்மூடி இருக்கலாம்; பெற்றோர் எழுதித் தந்தால் அறையை விட்டு வெளியேறியும் நிற்கலாம் என்றார்கள். எவ்வளவு தாராளம்!

5 குடும்பத்தார் வழக்குத் தொடுத்தனர். எங்கல் என்பவர் பெயர் முன்னே நின்றது. பள்ளிக் குழுத் தலைவர் விட்டாலே எதிர்வழக்காளி. அந்த 5 குடும்பங்களும் நம்மைப் போன்ற நாத்திகக் குடும்பங்கள் என்று தோழர்கள் எண்ணிவிட வேண்டாம். யூதர் இருந்தனர், யூனிட்டேரியன் சபையைச் சேர்ந்தவர் இருந்தனர், அறநெறிக் கழகத்தார் இருந்தனர், கடவுளை ஏற்காதவரும் இருந்தார். தத்தம் நம்பிக்கையைத் தத்தம் இல்லத்தில் வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் அவர்கள். ஊரார் அவர்களை வாழ்த்தவா செய்தார்கள்? தொலைபேசியில் வசைமாரி, அஞ்சலில் அச்சுறுத்தல், வழக்காளர் ஒருவரின் வீட்டு முன்றிலில் சிலுவையை நிறுத்தித் தீ மூட்டினார்கள். அன்பே உருவான கடவுளுக்கு அரணாக அமைந்த தீ!

கீழ்மன்றங்கள் பள்ளிக் குழுவின் பக்கம் நின்றன. 1962 ஜூன் 25ஆம் நாள் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 6க்கு 1 என்ற கணக்கில் அந்தத் தீர்ப்புகளைத் தள்ளிற்று. தீர்ப்பை வரைந்தவர் ஹ்யூகோ பிளாக். பாப்டிஸ்டு கோயிலில் ஞாயிற்றுக்கிழமை மறைப்பள்ளி ஆசிரியராக இருந்தவர்! கடவுளை அறியாத கைகள் எழுதிய தீர்ப்பு என்று எவரும் சொல்ல முடியாது.

அந்தத் தீர்ப்பைப் படித்தால், சட்ட நுணுக்கத்தைவிட வரலாறே மிகுதியாக இருக்கக் காண்கிறோம். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்கு நம்மை அழைத்துச் செல்கிறார் பிளாக். அங்கே பாராளுமன்றமே சட்டம் செய்து பொது வழிபாட்டு நூலை ஏற்படுத்தியது. அரசர் மாறுந்தோறும் அந்நூலில் எது இருக்கலாம், எது நீங்கலாம் என்று அடிதடி மூண்டது. தாளாமல் பலர் கடல் கடந்து அமெரிக்கா சேர்ந்தனர். சேர்ந்த இடத்திலும் தம்மவர் கை ஓங்கிய மாநிலங்களில் தம் வழிபாட்டைப் பிறர்மீது சுமத்தினர். துன்புற்றவனே துன்புறுத்துபவனாக மாறிய கதையைத் தம் நாட்டவரின் முகத்துக்கெதிரே நீதிபதி எடுத்துரைக்கிறார். வெர்ஜீனியாவில் மறையாசிரியர்களுக்குச் சம்பளம் தர வரி விதிக்க முனைந்தபோது, 1785இல் மேடிசன் எழுந்து எதிர்த்ததையும் நினைவூட்டுகிறார்: மூன்று பென்சு கேட்கும் உரிமையை அரசுக்குக் கொடுத்தால், நாளை அது எதையும் கேட்கும் என்பது மேடிசன் கொண்ட அச்சம்.

பிறகு கருத்தின் கூர்முனை வருகிறது. மக்கள் எந்த வேண்டுதலை ஓதவேண்டும் என்று எழுதித் தருவது அரசாங்கத்தின் வேலையே அல்ல என்கிறார் பிளாக். எந்த மதத்தையும் சாராத வாசகம் என்பதும் மறுமொழி ஆகாது; கட்டாயமில்லை என்பதும் மறுமொழி ஆகாது. அரசின் ஆற்றலும் செல்வாக்கும் பணமும் ஒரு நம்பிக்கையின் பின்னே வந்து நின்றுவிட்டால், சிறுபான்மையார்மீது விழும் அழுத்தம் தானே தெரியும் என்கிறார். கட்டளை என்ற சொல் இல்லாமலே கட்டளை இடப்படும் விதத்தை இவ்வளவு தெளிவாகக் கண்ட நீதிபதிகள் சிலரே.

பாராட்டோடு நிறுத்திவிட நமக்கு மனமில்லை. அத்தீர்ப்பில் அடிக்குறிப்பு ஒன்று உண்டு. நாட்டுப்பாடலில் கடவுள் பெயர் வரலாம். விடுதலைப் பிரகடனத்தைப் பிள்ளைகள் ஓதலாம். பொதுவாழ்வில் ஆங்காங்கே கடவுள் நம்பிக்கை தலைகாட்டலாம். இவை சடங்கும் நாட்டுப்பற்றும் சார்ந்தவை, வழிபாட்டைப் போன்றவை அல்ல என்று அது சொல்கிறது. ஏன் அல்ல? அடிக்குறிப்பு விளக்கவில்லை. முன்வாயிலைத் தாழிட்ட பிளாக், பின்வாயிலைச் சற்றே திறந்து வைத்துப் போய்விட்டார். உடன்பட்டுத் தனியே எழுதிய டக்ளஸ் என்ற நீதிபதியாவது, இந்த நீதிமன்றம் கூடும்போதே கடவுள் காக்க என்று கட்டியங்காரன் கூவுகிறானே என்று நேர்மையாகச் சுட்டிக்காட்டினார்.

அதே கட்டியங்கூறலைத்தான் மாறுபட்ட ஒரே நீதிபதி ஸ்டூவர்ட்டும் எடுத்துக் காட்டினார் — எதிர்த்திசையிலிருந்து. நாணயத்தில் கடவுள், உறுதிமொழியில் கடவுள், நாட்டுப்பாட்டில் கடவுள், சட்டமன்றத்தில் மறைகுரு. பள்ளியில் மட்டும் ஏன் கூடாது என்றார். ஓத விரும்பும் பிள்ளையைத் தடுத்து, அவனுடைய முன்னோர் தந்த உடைமையில் பங்கில்லாமல் ஆக்குகிறீர்கள் என்றார். எளிதில் தள்ளிவிடக் கூடிய வாதமன்று இது. நாணயம் பையில் கிடக்கிறது. அதை எடுத்துச் செலவிடுபவனை, எழுந்து நின்று கடவுளைச் சார்ந்திருப்பதாகச் சொல் என்று எவரும் கேட்பதில்லை. வகுப்பறையில் கேட்கிறார்கள். ஸ்டூவர்ட்டுக்கு நாம் கூறும் மறுமொழி அவ்வளவே. ஆனால் அந்த அடிக்குறிப்பு இல்லாதிருந்தால் மறுமொழி இன்னும் வலுவாக இருந்திருக்கும்.

இனி அந்தத் தாராளத்துக்கு வருவோம். விரும்பாதவன் வெளியே நிற்கலாம் என்ற தாராளம்! வெளியே என்றால் எங்கே? அதைத் துல்லியமாகச் சொன்னவர் நீதிபதி அல்லர். பெனிசில்வேனியா மாநிலத்து ஒரு தந்தை.

அம்மாநிலச் சட்டப்படி நாள்தோறும் பைபிளிலிருந்து 10 வசனங்கள் ஓதப்பட்டன. 1956 நவம்பர் 26ஆம் நாள் அபிங்டன் உயர்நிலைப் பள்ளியில் எல்லரி ஷெம்ப் என்ற 16 வயது மாணவன், வசனம் ஓதப்படும்போது தன் இருக்கையில் குர்ஆனைத் திறந்து வைத்துத் தனக்குள் படித்தான். மற்றவர் எழுந்து வழிபட்டபோது எழ மறுத்தான். அவன் முசுலிம் அல்லன். யூனிட்டேரியன் குடும்பத்துப் பிள்ளை. ஒரு மறை ஓதலாம் என்றால் இன்னொன்று ஏன் கூடாது என்பதே அவன் எழுப்பிய கேள்வி. தலைமையாசிரியரிடம் அனுப்பப்பட்டான். வழக்கு நடந்து முடிவதற்குள் அவன் பள்ளியை விட்டே போய்விட்டான். தம்பி ரோஜரும் தங்கை டோனாவும் வழக்கைத் தாங்கி நின்றனர்.

அவர்களின் தந்தை எட்வர்டு ஷெம்ப் நீதிமன்றத்தில் சான்று சொன்னார். பிள்ளைகளுக்கு விலக்குக் கேட்டு எழுதித் தந்திருக்கலாமே என்று கேட்டபோது, எண்ணிப் பார்த்தே கேட்காமல் விட்டேன் என்றார். ஏன்? விலக்குப் பெற்ற பிள்ளைகளை மற்றப் பிள்ளைகள் விந்தைப் பிறவிகளாகப் பார்ப்பார்கள். மாறுபட்ட எல்லா நம்பிக்கையையும் ஒன்றாகக் கட்டி நாத்திகம் என்பார்கள். நாத்திகம் என்றால் கம்யூனிசம் என்பார்கள். கம்யூனிசம் என்றால் நாட்டுக்குப் பகை என்பார்கள். வகுப்புக்கு வெளியே நடைகூடத்தில் நிற்க வேண்டும் — அந்தப் பள்ளியில் நடைகூடத்தில் நிற்பவன் குற்றம் செய்து தண்டனை பெற்றவன் என்றே பார்ப்பவர் கருதுவர். வழிபாடு முடிந்ததும் அன்றைய அறிவிப்புகள் படிக்கப்படும். வெளியே நிற்கும் பிள்ளைக்கு அவையும் கிடைக்கா.

தோழர்களே, இந்தச் சான்றுரையை இரண்டு முறை படியுங்கள். இதில் கடவுள் உண்டா இல்லையா என்ற வாதமே இல்லை. ஆசிரியராக இருப்பவன் எவனும் இதைப் படித்தவுடன் தலைகுனிவான். வீட்டுக் கணக்கு எழுதாத பிள்ளையை நாம் எங்கே நிறுத்துகிறோம்? வாயிலுக்கு வெளியே. தாமதமாக வந்த பிள்ளை எங்கே நிற்கிறது? வாயிலுக்கு வெளியே. அதே இடத்தில்தான் மனச்சான்றின்படி நடக்கும் பிள்ளையும் நிற்க வேண்டுமாம். அதற்கு உரிமை என்று பெயராம்! உரிமைக்கும் தண்டனைக்கும் ஒரே இடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டையும் பிள்ளை வேறுபடுத்திப் பார்த்துக்கொள்ளட்டும் என்பது பெரியவர்களின் கெட்டிக்காரத்தனம். காலைக் கூட்டத்தில் எல்லாரும் கைகூப்பும் நேரத்தில் ஒரு பிள்ளை அரைக்கண் திறந்து இருபுறமும் பார்ப்பதை, பள்ளியில் பணிபுரியும் எவரும் கண்டிருப்பர். அந்தப் பார்வை கடவுளைத் தேடும் பார்வை அன்று. பக்கத்துப் பிள்ளை என்ன செய்கிறான், ஆசிரியர் தன்னைக் கவனிக்கிறாரா என்று தேடும் பார்வை.

1963 ஜூன் 17இல் நீதிமன்றம் 8க்கு 1 என்ற கணக்கில் ஷெம்ப் குடும்பத்தின் பக்கம் தீர்ப்பளித்தது.

அதன்பின் நடந்தவற்றை விரைந்து கடப்போம். அரசியற் சட்டத்தையே திருத்தி வழிபாட்டை மீட்க முயன்றார்கள். 1966இல் மேலவையில் 49க்கு 37 வாக்கு. 1984இல் ரீகன் ஆதரித்த திருத்தத்துக்கு 56க்கு 44 வாக்கு. இரு முறையும் மூன்றில் இரு பங்கு எட்டவில்லை. அலபாமா மாநிலம் ஒரு நிமிட அமைதியைச் சட்டமாக்கி, அதில் வழிபாடு என்ற சொல்லைப் பின்னர்ச் செருகியது. 1985இல் அதுவும் செல்லாது என்றாயிற்று. 2000ஆம் ஆண்டில் டெக்சாஸ் மாநிலம் சாண்டா ஃபே பள்ளி மாவட்டத்தில், ஆட்டத் தொடக்கத்தில் ஒலிபெருக்கி வாயிலாக நடந்த வழிபாடும் நின்றது. அவ்வழக்கைத் தொடுத்த இரு குடும்பங்களும் யாவர்? ஒன்று மார்மன், மற்றொன்று கத்தோலிக்கர். ஊர்ப் பகைக்கு அஞ்சிப் பெயரை மறைத்தே வழக்காட வேண்டியிருந்தது. கடவுளை நம்புவோர், கடவுளை நம்பும் அண்டை வீட்டாருக்கு அஞ்சிப் பெயரை மறைத்துக்கொண்ட நாடு அது.

இந்த வழக்கு வரலாற்றில் கென்னடி என்ற பெயர் மும்முறை வருவது ஒரு வேடிக்கை. 1962இல் தீர்ப்பு வந்த இரண்டாம் நாள், குடியரசுத் தலைவர் கென்னடி, வேண்டுமானால் வீட்டில் கூடுதலாக வழிபடுவோமே என்று அமைதியாகச் சொல்லி முடித்தார். 1992இல் நீதிபதி அந்தோணி கென்னடி, பட்டமளிப்பு விழாவில் மறைகுருவைக் கொண்டு வழிபாடு நடத்தலாகாது என்று தீர்ப்பு எழுதினார். எல்லாரும் எழுந்து நிற்கும்போது தானும் எழுந்து நிற்கும் இளம்பெண்ணுக்கு, அப்படி நிற்பதே பங்குகொள்வதாகும் என்பதை உணர்ந்து எழுதினார். பருவ வயதினர் தோழர் கண்ணுக்கு அஞ்சுவர் என்பதை ஏட்டில் ஏற்றினார். அது 5க்கு 4 என்ற மெல்லிய நூலில் தொங்கிய தீர்ப்பு. மூன்றாம் கென்னடி ஆட்டப் பயிற்சியாளர்.

வாஷிங்டன் மாநிலம் பிரெமர்டன் நகர்ப் பள்ளியில் ஜோசப் கென்னடி துணைப் பயிற்சியாளராக 2008இல் அமர்ந்தார். அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் முடிந்ததும் திடலின் நடுக்கோட்டில் மண்டியிட்டு வழிபடுவார். முதலில் தனியாக, பின்னர்ப் பிள்ளைகள் தாமும் சேரலாமா என்று கேட்டனர், விருப்பம்போல் செய்யுங்கள் என்றார். காலம் செல்லச் செல்ல அணியில் பெரும்பாலோர் சூழ்ந்து நின்றனர். 2015இல் பள்ளி மாவட்டம் விழித்துக்கொண்டது. தனியே சென்று வழிபட இடம் தருகிறோம், திடலில் வேண்டாம் என்றது. அவர் ஒப்பவில்லை. செய்தி பரவிற்று, ஆட்டம் முடிந்ததும் கூட்டம் வேலி தாண்டி ஓடிவந்தது, இசைக்குழுப் பிள்ளைகள் இடித்துத் தள்ளப்பட்டனர். சாத்தானின் பெயர் தாங்கிய குழுவொன்று எங்களுக்கும் அதே திடலைத் தாருங்கள் என்று கேட்டது! பயிற்சியாளர் விடுப்பில் நிறுத்தப்பட்டார், வழக்குத் தொடுத்தார், 2022 ஜூன் 27இல் 6க்கு 3 என்று வென்றார்.

தீர்ப்பு எழுதியவர் கோர்சச். நீதிபதி அந்தோணி கென்னடியிடம் உதவியாளராகப் பணி பயின்றவர். குரு கண்டதைச் சீடர் காணவில்லை. அத்தீர்ப்பின் நடையைக் கவனியுங்கள். ஆட்டம் முடிந்தபின், தன் கடமை ஓய்ந்த நேரத்தில், ஒரு மனிதர் அமைதியாக, தனியாக, சுருக்கமாகக் கடவுளுக்கு நன்றி சொல்கிறார் — இதுவே அங்கே தீட்டப்படும் ஓவியம். தண்டிக்கப்பட்டது 2015 அக்டோபரில் நடந்த 3 ஆட்டங்களுக்காக மட்டுமே என்று வழக்கைச் சுருக்கிக்கொள்கிறார் கோர்சச். அந்நேரத்தில் அவருடைய பிள்ளைகள் வேறு வேலையாக இருந்தனர். ஆகவே வற்புறுத்தல் இல்லை என்கிறார். ஏழாண்டுக் கதையில் மூன்று இரவுகளை மட்டும் கத்தரித்து எடுத்தால், எந்தக் கதையும் நல்ல கதையாகிவிடும்.

மாறுபட்டு எழுதிய சோட்டோமயார் அம்மையார், தம் உரையில் புகைப்படங்களையே சேர்த்துவிட்டார். நீதிமன்ற ஏட்டில் அது அரிது. தலைக்கவசத்தை உயரத் தூக்கிப் பிடித்தபடி பயிற்சியாளர் நிற்கிறார். சுற்றிலும் பிள்ளைகள் மண்டியிட்டிருக்கிறார்கள். தனியாக, அமைதியாக என்ற சொற்களுக்குப் பக்கத்தில் அந்தப் படத்தை வைத்துப் பாருங்கள். நம்பிக்கையற்ற ஒரு பிள்ளையின் தந்தை, என் மகன் சேராவிட்டால் ஆட வாய்ப்புக் குறைந்துவிடுமோ என்று அஞ்சியே சேர்ந்தான் எனப் பள்ளியிடம் கூறியதும் பதிவில் இருக்கிறது. பெரும்பான்மைத் தீர்ப்போ, அது முந்திய நாட்களின் செய்தி என்று ஒதுங்கிப் போகிறது. 1963இல் நடைகூடத்துப் பிள்ளையின் இடத்தில் நின்று எழுதினார்கள்; 2022இல் மண்டியிட்ட பெரியவரின் இடத்தில் நின்று எழுதினார்கள். அணியில் எவனைச் சேர்ப்பது, எவனை உட்காரவைப்பது என்ற பட்டியல் அந்தப் பெரியவர் கையில் இருந்தது என்பது மறந்து போயிற்று. வென்றவர் 2023இல் ஒரே ஓர் ஆட்டத்துக்குத் திரும்பி வந்து, பின் விலகிச் சென்றார்.

இந்தத் தீர்ப்பு கையிலெடுத்த அளவுகோல் எது? பழைய சோதனைகளை ஒதுக்கிவிட்டு, வரலாறும் வழிவந்த மரபும் என்ன சொல்கின்றன என்று பார்க்க வேண்டுமாம். மரபு! இந்தச் சொல்லை நம்மினும் நன்கறிந்தவர் எவர்? கோயிலுக்குள் நுழையாதே என்றதும் மரபு. குளத்தில் நீர் எடுக்காதே என்றதும் மரபு. பெண்ணே படிக்காதே என்றதும் மரபு. எத்தனை காலமாக நடக்கிறது என்று சொல்வார்கள்; யார் செலவில் நடந்தது என்று மட்டும் சொல்லமாட்டார்கள். அமெரிக்க மரபைத்தான் கேட்பதென்றால், 1844ஆம் ஆண்டு பிலடெல்பியாவையும் கேட்க வேண்டும். பள்ளியில் எந்தப் பைபிளை ஓதுவது — புராட்டஸ்டண்டுகளுடையதா, கத்தோலிக்கருடையதா — என்ற சச்சரவு கலகமாக வெடித்து, உயிர்கள் மாண்டு, கத்தோலிக்கக் கோயில்கள் எரிந்தன. ஒரே கடவுள், ஒரே ஏசு. ஆயினும் மொழிபெயர்ப்பு வேறு! அதுவும் அந்நாட்டுப் பள்ளி வழிபாட்டு மரபுதான்.

பிளாக் திறந்து வைத்த பின்வாயில் வழியே இன்று பலர் வருகிறார்கள். 1980இல் கென்டக்கி மாநிலச் சட்டம் தள்ளப்பட்டதை அறிந்தும், 2024இல் லூயிசியானா மாநிலம் வகுப்பறை தோறும் பத்துக் கட்டளைகளைத் தொங்கவிடச் சட்டம் செய்தது. 2025இல் டெக்சாஸ் மாநிலம், பள்ளியில் வழிபாட்டு நேரம் ஒதுக்குவதா இல்லையா என்று ஒவ்வொரு பள்ளி மாவட்டக் குழுவும் வாக்கெடுக்க வேண்டும் என்றது. பெற்றோர் ஒப்புதல் எழுதித் தந்தால் பிள்ளை கலந்துகொள்ளலாமாம். எழுதித் தராதவன் பிள்ளை யார் என்பது மறுநாளே வகுப்பு முழுதும் தெரியும்.

நம் தோழர்களிடமும் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. அமெரிக்கப் பள்ளிகளில் வழிபாட்டுக்குத் தடை என்று நம் மேடைகளில் சிலர் முழங்குவதைக் கேட்கிறோம். தவறு. வேதியர் கட்சியினர் புலம்புவதும் அதே தவறுதான்: கடவுளைப் பள்ளியிலிருந்து துரத்திவிட்டார்கள் என்கிறார்கள். எந்தத் தீர்ப்பும் எந்தப் பிள்ளையின் வாயையும் கட்டவில்லை. தேர்வுத் தாளைப் பார்த்ததும் மனத்துக்குள் கடவுளை அழைக்கும் பிள்ளை அன்றும் அழைத்தது, இன்றும் அழைக்கிறது; நம் பிள்ளைகளும் அழைக்கிறார்கள்! அழைக்கட்டும். அதைக் கண்டு நகைக்கும் பகுத்தறிவாளன், நடைகூடத்தில் பிள்ளையை நிறுத்திய பள்ளிக் குழுவுக்குத் தம்பி ஆவான். தடுக்கப்பட்டது அரசின் வாய், ஆசிரியரின் வாய், பயிற்சியாளரின் வாய்.

நம் அரசியற் சட்டத்தின் 28ஆம் பிரிவு இதில் அமெரிக்கச் சட்டத்தைவிட ஒரு படி தெளிவாகவே எழுதப்பட்டிருக்கிறது. முற்றிலும் அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் சமயபோதனை கூடாது. அரசின் ஏற்போ உதவியோ பெற்ற பள்ளியில், பெற்றோரோ காப்பாளரோ ஒப்பாமல் எந்தப் பிள்ளையையும் சமயபோதனைக்கோ வழிபாட்டுக்கோ உட்படுத்தலாகாது. விலக்குக் கேள் என்று பிள்ளையிடம் அது சொல்லவில்லை. முதலில் ஒப்புதல் பெறு என்று பள்ளியிடம் சொல்கிறது. ஹெரிக்ஸ் பள்ளிக் குழுவின் தாராளத்தைத் தலைகீழாகத் திருப்பி வைத்த வாசகம் இது. 1986இல் பிஜோ இம்மானுவேல் வழக்கில், நாட்டுப்பண் பாடாமல் மரியாதையோடு எழுந்து மட்டும் நின்ற மூன்று கேரளப் பிள்ளைகளை மீண்டும் பள்ளியில் சேர்க்க ஆணையிட்ட நீதிபதி சின்னப்ப ரெட்டியாரின் தீர்ப்பும் நமக்கு உண்டு.

ஏட்டில் இருக்கிறது, பள்ளியில்? நாம் அறிந்த பள்ளிகளில் சேர்க்கைப் படிவம் உண்டு, மாற்றுச் சான்றிதழ் உண்டு, சாதிச் சான்றிதழ் உண்டு. காலை வழிபாட்டுக்குப் பிள்ளையை உட்படுத்தலாமா என்று பெற்றோரைக் கேட்கும் சீட்டு ஒன்றை இதுவரை கண்டதில்லை. நடுவணரசு நடத்தும் கேந்திரிய வித்யாலயாக்களில் கண்மூடிக் கைகூப்பி வடமொழி வாசகம் ஓதுவிப்பதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கை, 2019 சனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஆயம் ஒன்று கூடுதல் நீதிபதிகள் கொண்ட ஆயத்துக்கு அனுப்பிற்று. அந்த வழக்கிலும் அரசுத் தரப்பு நாடிய வாதம் எல்லாரும் அறிந்ததே: இது எந்த மதத்துக்கும் உரியதன்று, எல்லார்க்கும் பொதுவான நற்கருத்து. 1951இல் நியூயார்க் ரீஜண்டுகளும் தங்கள் 22 சொற்களைப் பற்றி இதையேதான் சொன்னார்கள்.